பக்கத்தில் உட்கார்ந்தவன்

அந்த அறையில் இருந்த பூ ரோஜாதானா என்று இப்போது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. இதைப் பற்றி வந்த கட்டுரைகளில் எல்லாம் ரோஜா என்றே இருக்கிறது. கனடாவின் சஸ்காச்சுவானில், ஜன்னலின் பாதி உயரத்துக்குப் பனி ஏறி நிற்கும் ஜனவரியில், ஓர் அரசாங்க மனநல மருத்துவமனைக்கு வாராவாரம் ரோஜா எங்கிருந்து வந்திருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. பல வாரங்கள் அது காகிதப் பூ என்றுதான் நினைக்கிறேன். மேவிஸ் என்று ஒரு நர்ஸ் இருந்தாள், அவள் செய்து வைப்பாள். மருந்து ஏறியபின் காகிதப் பூவைப் பார்த்தும் மனிதர்கள் அதே கண்ணீரைத்தான் விட்டார்கள். இதழ்களுக்குள் கடவுளைக் கண்டார்கள். காகிதத்துக்குள்ளும் அவருக்கு இடம் போதுமானதாக இருந்தது.

என் முறை வந்த நாளில் மட்டும் ஜாடியில் நிஜப் பூ இருந்தது. தண்ணீரும் இருந்தது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

காபியைக் குடியுங்கள், ஆறுகிறது. அந்த மருந்து மறுபடியும் மருத்துவமனைகளுக்குத் திரும்பி வருகிறது, பழைய ஆட்களில் உயிரோடு இருப்பவர்கள் குறைவு, அதனால் தேடி வந்தேன் என்றீர்கள். ஒலிப்பதிவுக் கருவியை மேசைமேல் வைத்துக்கொண்டே எங்களை முன்னோடிகள் என்றும் சொன்னீர்கள். நீங்கள் கேட்பவை நல்ல கேள்விகள். பதில்களை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகள். நானும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டிருக்கிறேன்.

முன்னோடிகளைப் பற்றிச் சொல்கிறேன். நான் அங்கே ஆண் நர்ஸாகச் சேர்ந்தபோது நோயாளிகளை ஈரத் துணியில் சுற்றி வைத்தோம். இன்சுலின் ஏற்றி மயங்க வைத்தோம், மின்சாரம் கொடுத்தோம். எதுவும் பலிக்கவில்லை. பலிக்காதது யாரையும் பெரிதாக உறுத்தவும் இல்லை. பிறகு இங்கிலாந்திலிருந்து டாக்டர் பென்ஃபோல்ட் வந்தார். அவர் கோட்டு எப்போதும் சுருங்கியிருக்கும், கண்கள் எப்போதும் ஈரமாக இருக்கும். சுவிட்சர்லாந்திலிருந்து சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் எல்.எஸ்.டி. என்ற மருந்தை வரவழைத்தார். நிறமில்லை, ருசியில்லை. ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து காலையில் கொடுத்தால் சாயங்காலம்வரை ஆள் இங்கே இருக்க மாட்டான்.

முதலில் அதை டாக்டர்கள்தான் குடித்தார்கள். சில மணி நேரத்துக்குப் பைத்தியமாகிப் பார்த்தால் பைத்தியங்களைப் புரிந்துகொள்ளலாம் என்பது யோசனை. படித்தவர்களுக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும். அதன்பின் குடிகாரர்களுக்குக் கொடுத்தார்கள். குடி முற்றியவன் கை நடுங்கி, பேய்களைக் கண்டு அலறி, அந்தப் பயத்தில் குடியை விடுவது உண்டு. அந்தப் பயத்தைக் குடலைக் கெடுக்காமல் குப்பியிலிருந்தே கொடுத்துவிடலாம் என்று நினைத்தார்கள். ஆனால் குடிகாரர்கள் பயப்படவில்லை. கடவுளைப் பார்த்தோம் என்று சொல்லிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்கள். பலர் குடியையும் விட்டார்கள். அதை நான் மறுக்கவில்லை.

துணி அடுக்கும் அறை ஒன்றைக் காலி செய்து இதற்கென்று வைத்தார்கள். ஒரு கட்டில், ஒரு திரை, இசைத்தட்டுப் பெட்டி, பூ ஜாடி, கைக்கண்ணாடி. நோயாளியின் வீட்டிலிருந்து ஒரு புகைப்படம் கேட்டு வாங்குவோம். பக்கத்தில் ஒரு நாற்காலி. அதில் உட்காருபவர்தான் முக்கியம் என்பார் பென்ஃபோல்ட். உட்காருபவர் எழுந்து போகக் கூடாது. கையைப் பிடித்துக்கொள்ளலாம். நோயாளி போகும் வழியில் கூடப் போகலாம், வழி காட்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு விதி: தான் குடித்துப் பார்க்காதவர் இன்னொருவர் பக்கத்தில் உட்காரக் கூடாது.

அதற்கு அவர் சொன்ன காரணம் இது.

"உள்ள போனவனுக்குப் பொய்யி நாத்தம் அடிக்கும் கொர்னி. குடிக்காதவன் பக்கத்துல உக்காந்தா மோந்து பாத்தே கண்டுபிடிச்சிடுவான். அப்புறம் பயந்து போய் அங்கயே மாட்டிக்குவான். நாம போய்ட்டு வந்த ஊருக்குத்தானே நாம வழித்துணையா போக முடியும்?"

கொர்னி என்பது நான். கொர்னேலியஸ் வார்கென்டின்.

என் சனங்கள் மென்னோனைட் என்ற கிறிஸ்தவச் சபைக்காரர்கள். எங்கள் சபையில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கிடையாது. வளர்ந்தபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாலிபர்கள் ஒவ்வொருவராகச் சபைமுன் எழுந்து நின்று, ஆண்டவர் தங்களை எங்கே, எப்படித் தொட்டார் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் தண்ணீர். நான் அந்தத் தொடுதலுக்காக ஒரு குளிர்காலம் முழுக்கக் காத்திருந்தேன். கொட்டகையில் மண்டியிட்டேன், உபவாசம் இருந்தேன். யாரும் என்னைத் தொடவில்லை. என் நாள் வந்ததும் எழுந்து நின்று, பால் கறந்துகொண்டிருந்தபோது கொட்டகையின் பலகை இடுக்கு வழியாக வந்த வெளிச்சம் என் கைமேல் பாரமாக இறங்கியது என்று சொன்னேன். பாரமாக என்ற சொல் அந்த நிமிடம் தோன்றியது. மூப்பர்கள் அழுதார்கள். என் அம்மா அழுதாள். அப்பா ஒரு பெரிய மனிதரிடம் நடந்துகொள்வதுபோல் என் கையைக் குலுக்கினார்.

அன்றிலிருந்து மனிதர்கள் உருகி அழுவதைப் பார்த்தால் எனக்கு ஒரு களைப்பு வரும். கோபம் இல்லை. களைப்பு மட்டும்.

மருந்து குடிக்க என் முறை வந்தபோது பென்ஃபோல்ட் தானே என் பக்கத்தில் உட்கார்ந்தார். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, இசைத்தட்டை வைப்பதற்காக முதுகைத் திருப்பினார். நான் டம்ளரை ஜாடியில் கவிழ்த்தேன். பயமா என்று கேட்கப் பார்க்கிறீர்கள். இல்லை. எனக்கு அது தேவைப்படவில்லை. காபி இடைவேளைகளில் மற்றவர்கள் சொன்னதை எல்லாம் கேட்டிருந்தேன். எப்போது கூரையைப் பார்க்க வேண்டும், எப்போது காரணமில்லாமல் சிரிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. சாயங்காலம்வரை அந்தக் கட்டிலில் படுத்திருந்தேன். முதுகு வலித்தது. பூவுக்கு எதுவும் ஆகவில்லை.

முடிந்ததும் சொன்னேன். விளைந்த கோதுமை வயல். காற்றே இல்லை, ஆனாலும் கதிர்கள் சாய்கின்றன. ஒவ்வொரு கதிரிலும் மணி ஒலிப்பதுபோல் ஒரு மெல்லிய ஓசை. நான் நடந்துகொண்டே இருக்கிறேன். ஒரு கட்டத்தில் நடப்பவன் நானா, என்னைத் தாண்டி யாரோ நடக்க நிற்கும் பயிர் நானா என்று தெரியாமல் போகிறது.

கடைசி வாக்கியம் எனக்கே பிடித்திருந்தது.

"இத்தனை பேரு பாத்திருக்காங்க, சொல்ல வராம திணறுவாங்க," என்றார் பென்ஃபோல்ட், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீ என்னமா சொல்ற கொர்னி. நீ உக்காரணும்ப்பா. உனக்குன்னே இருக்கிற வேலை இது."

அப்படித்தான் நான் உட்காருபவன் ஆனேன். நல்ல உட்காருபவன் என்றே பெயர் எடுத்தேன். எத்தனையோ பேரின் கையைப் பிடித்திருக்கிறேன். ரயில்வே ஆட்கள், பண்ணைக்காரர்கள், ஒரு பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர், ஒரு பாதிரியார். நான் குடிக்கவில்லை என்பதை ஒருவர்கூட மோந்து கண்டுபிடித்ததில்லை. வயலைப் பற்றிச் சொன்னால் தலையாட்டுவார்கள், ஆமாம் ஆமாம் அதேதான் என்பார்கள். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் சபையில் என்ன நடந்ததோ அதுவேதான் இங்கேயும் நடந்தது. யாரும் எதையும் பார்க்கவில்லை. பார்த்ததாகச் சொல்வதற்கு அனுமதி கிடைத்தது, சொன்னார்கள்.

அறையைப் பூட்டிவிட்டு வெளியே வந்தால் மேவிஸ் தாழ்வாரத்தில் நின்று கேட்பாள்: "என்ன கொர்னி, இன்னிக்கும் கடவுள் வந்துட்டுப் போனாரா?"

"வந்தாரு. உன் காகிதப் பூ பிரமாதம்னு சொல்லிட்டுப் போனாரு."

"நாளைக்கு வந்தா என் கால் வீக்கத்தை ஒரு பார்வை பாத்துட்டுப் போகச் சொல்லு."

அந்த மருத்துவமனையில் எனக்குச் சகிக்க முடிந்த ஒரே ஆள் அவள்தான்.

நெஸ்டர் கோவல் வசந்தத்துக்கு முன்னால் வந்தான். உக்ரேனியப் பண்ணைக்காரன். கதிரடிக்கும் எந்திரத்தில் ஒரு விரலை விட்டிருந்தான். சட்டைப் பையில் எப்போதும் சூரியகாந்தி விதை இருக்கும், பற்களால் உடைத்துத் தோலைக் கைக்குட்டையில் துப்பிச் சேர்த்து வைப்பான். குடிக்காத நேரத்தில் கேலிப் பேச்சுக்காரன். வார்டு முழுக்க அவனைச் சுற்றியே உட்கார்ந்திருக்கும். இப்படிப்பட்டவர்களை எனக்குத் தெரியும். எல்லோருக்கும் பிடித்தவர்கள், அதைத் தவிர எதையும் சம்பாதிக்காதவர்கள்.

அவன் குடிக்குக் காரணம் என்ன என்று அவன் மனைவி பராஸ்கா சொன்னாள். புகைப்படத்தைக் கொடுக்க வந்தபோது ஒரு பாத்திரத்தில் முட்டைக்கோஸ் இலையில் அரிசி வைத்துச் சுருட்டியதையும் கொண்டு வந்திருந்தாள், எனக்காக. தலையில் பூப்போட்ட துணி கட்டிய ஒல்லியான பெண். படத்தில் ஆறு வயதுப் பையன் ஒருவன் கன்றுக்குட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றான். பெயர் தரஸ். ஒரு ஏப்ரலில், மாடுகளுக்காக வெட்டிய குட்டையின் மேல் பனிக்கட்டி இளகிக்கொண்டிருந்தபோது, அந்தக் கன்றின் பின்னால் ஓடியிருக்கிறான், கட்டி உடைந்துவிட்டது.

"இவரு அன்னிக்கு ஊர்லயே இல்லைங்கய்யா. கோதுமைய ஏத்திக்கிட்டு டவுனுக்குப் போயிருந்தாரு. களஞ்சியத்துல லாரிங்க வரிசையா நின்னுச்சு. போட்டுட்டு, ஒரே ஒரு பீரு குடிச்சுட்டு வந்தாரு. வந்தா வாசல் பூரா சனம். அந்த ஒரு பீருதான் அவரைத் தின்னுக்கிட்டே இருக்கு. அதைக் குடிக்காம வந்திருந்தா பையன் இருந்திருப்பான்னு நெனைக்கிறாரு. இருந்திருக்க மாட்டான்யா. நான் துணி காயப் போட்டுட்டுத் திரும்புறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. நான்தான் அங்க இருந்தேன். அவரு இல்ல."

அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. சொல்லிவிட்டு, பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்றாள்.

அவன் முறை வந்த நாள் காலை நெஸ்டர் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"என்ன டாக்டரே, அடிமட்டத்துலயே நிக்குது. அரசாங்கச் சரக்குன்னா இப்படித்தான் ஊத்துவீங்களா?"

பென்ஃபோல்ட் சிரித்து அவன் தோளைத் தட்டினார். ஊரில் காய்ச்சல் பரவியிருந்தது, ஆள் பற்றாக்குறை, அதனால் அவர் வார்டுக்குப் போய்விட்டார். நாங்கள் இருவரும் மட்டும் இருந்தோம்.

முதலில் எல்லாம் வழக்கம்போலத்தான். சுவரைப் பார்த்துச் சிரித்தான். விரலில்லாத இடத்தில் விரல் இருப்பதாகச் சொன்னான். பூவை முகத்தருகே பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தான். பிறகு அழுதான், ஆனால் சத்தமில்லாமல். நான் இசைத்தட்டை மாற்றினேன். பெரிய மௌனம் ஒன்று வந்தது. மௌனங்களை நான் எப்போதும் விரும்புகிறவன். அந்த மௌனம் எனக்குப் பிடிக்கவில்லை.

"தம்பி," என்றான். "நீங்களும் இதுக்குள்ள வந்திருக்கீங்கல்ல?"

"வந்திருக்கேன்."

"எப்படி இருந்துச்சு?"

வயலைச் சொன்னேன். காற்றில்லாமல் சாயும் கதிர்கள், மணியோசை, நடப்பவனா பயிரா என்பது. எத்தனையோ முறை சொன்னதுதான். அவன் கடைசிவரை கேட்டான். என் முகத்தையே பார்த்தான். அவன் கண்மணிகள் அகன்று, கண்ணே கறுப்பாக இருந்தது. பிறகு சிரித்தான். கேலிச் சிரிப்பாக இருந்திருந்தால் எனக்குப் பழக்கமானது.

"ஐயோ பாவமே. நீங்க அங்க போகவே இல்ல."

நான் பூ ஜாடியைப் பார்த்தேன்.

"போனவன் இப்படி வேலி போட்ட மாதிரி நேரா சொல்ல மாட்டான் தம்பி. பயந்துட்டீங்களா? சரி விடுங்க, யாருக்குத்தான் பயமில்ல. கையக் குடுங்க இப்படி." அவனே என் கையை எடுத்து இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டான். "சாயங்காலம் டாக்டர் வந்ததும் நான் சொல்றேன், உங்களுக்கும் ஒரு நாள் குடுக்கச் சொல்லி. நான் வேணா பக்கத்துல உக்காந்துக்கறேன். ஒண்ணும் ஆகாது. நெசமாவே அழகா இருக்கு தம்பி."

இதை நான் சொல்வது விவரம் விட்டுப்போகக் கூடாது என்பதற்காகத்தான். பின்னால் நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. குடித்து நிலத்தை அடமானம் வைத்த ஒருவன், போதையில், என்மேல் இரக்கப்பட்டான். அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஒருவனின் இரக்கம் என்னை என்ன செய்துவிடும்?

எனக்கு வேறொரு கேள்வி வெகுநாளாக இருந்தது. இவர்கள் உள்ளே பார்ப்பது எல்லாம் உண்மை என்று பென்ஃபோல்ட் நம்பினார். புதைந்து கிடப்பதைத்தான் மருந்து மேலே கொண்டு வருகிறது, இல்லாததைக் கொண்டு வராது என்பார். மாகாணம் முழுக்க அதையே நம்பினார்கள். ஒருவராவது சோதித்துப் பார்த்தார்களா? அறிவியல் என்று பேசிக்கொண்டு அலைந்தவர்களில் ஒருவர்கூட இல்லை. நான் சோதித்தேன்.

அவன் கையை விடாமல், மற்றக் கையால் புகைப்படத்தை எடுத்துக் கொடுத்தேன்.

நான் எதையும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கேட்டேன், அவ்வளவுதான். அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன்.

"டவுன்ல."

"நல்லாப் பாருங்க."

"களஞ்சியத்துல. வரிசையில நிக்கிறேன்."

"அப்புறம்?"

"பீரு. ஒண்ணே ஒண்ணு."

"ஒண்ணுதானா? அவசரமில்ல. நல்லாப் பாருங்க."

வெகுநேரம் கழித்து, தெரியவில்லை என்றான். தெரியவில்லை என்ற சொல்லுக்காகத்தான் நான் காத்திருந்தேன். லாரி இப்போது எங்கே நிற்கிறது என்று கேட்டேன். சாலையில் என்றான். எந்தச் சாலை என்றேன். வீட்டுச் சாலை என்றான். தண்ணீர் தெரிகிறதா என்றேன். கண்ணை மூடிக்கொண்டான். குட்டை தெரியுது என்றான். லாரிக்குள்ளே யார் தூங்குகிறார்கள் என்று கேட்டேன். அவன் படத்தை நெஞ்சோடு அழுத்திக்கொண்டான். சாராய வாடை வருகிறதா என்றேன். வருது என்றான். ஏதாவது சத்தம் கேட்கிறதா என்றேன்.

"கூப்புடறான்," என்றான்.

"எப்படிக் கூப்புடறான்?"

"அப்பான்னு."

"எழுந்திரிச்சீங்களா?"

இசைத்தட்டு முடிந்து ஊசி வெறுமனே உரசிக்கொண்டிருந்தது. நான் எழுந்து போய் மாற்றவில்லை. உட்காருபவர் எழுந்து போகக் கூடாது.

சாயங்காலம் பென்ஃபோல்ட் வந்தபோது நெஸ்டர் கட்டிலின் ஓரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். தான் லாரியில் குடித்துவிட்டுத் தூங்கியதையும், பையன் கூப்பிட்டதையும், கேட்டும் எழாததையும் ஒரே குரலில் சொன்னான். நான் மருந்து குடிக்காததைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை. அது அவன் நினைவிலேயே இல்லை. பென்ஃபோல்ட் அவனைக் கட்டிக்கொண்டார். பிறகு தாழ்வாரத்தில் என்னையும்.

"எத்தனை வருஷமா புதைச்சு வெச்சிருந்தான் பாரு. அதுதான் அவனைக் குடிக்க வெச்சிருக்கு. நீ மட்டும் பக்கத்துல இல்லேன்னா இது வெளிய வந்திருக்குமா?"

"வந்திருக்காது டாக்டர்," என்றேன். அது உண்மை.

சில நாளில் பராஸ்கா வந்தாள். இந்த முறை கையில் பாத்திரம் இல்லை. நுழைவாசலில் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"இது என்னய்யா அநியாயம்? எம் புருஷன் டவுன்ல இருந்தாரு. களஞ்சியத்துக்காரன் இருக்கான், கேளுங்க. பக்கத்துப் பண்ணைப் பையன அனுப்பி நான்தான் சனத்தைக் கூட்டியாரச் சொன்னேன், இவரு வர்றதுக்கு முன்னாடியே. இப்ப வந்து, நான் குட்டைக்கிட்ட தூங்கிட்டிருந்தேன், எம் புள்ளய நான்தான் சாகவிட்டேங்கிறாரு. இல்லைன்னு நான் சொன்னா, என்மேல இரக்கப்பட்டுப் பொய் சொல்றேங்கிறாரு. யாரு சொல்லிக் குடுத்தது இதை?"

பென்ஃபோல்ட் அவளை உட்கார வைத்து மெதுவான குரலில் விளக்கினார். மனம் தாங்க முடியாததை மூடி வைக்கும், கூட இருப்பவர்களும் சேர்ந்தே மூடி வைப்பார்கள், மருந்துக்குப் பொய் சொல்லத் தெரியாது என்றார். அவளுக்கு அந்தப் பேச்சு ஏறவில்லை. அவர் போனபின் என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"நீங்கதானே கூட இருந்தீங்க. அது தானா வந்துச்சா, இல்ல யாராவது கிளறி விட்டாங்களா? அதை மட்டும் சொல்லுங்க. நீங்க சொன்னா அவரு கேப்பாரு. உங்களை ரொம்பப் புடிக்குமாம், உங்க கை சில்லுன்னு இருந்துச்சுன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு."

ஒரு வார்த்தை போதும் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லியிருந்தால் அடுத்து எந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதும் தெரியும்.

"நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். அவ்வளவுதாம்மா," என்றேன்.

அவள் கையை எடுக்கவில்லை. அதனால் நானும் ஒன்று கேட்டேன்.

"நீங்க துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தீங்கன்னு சொன்னீங்க. லாரி வந்த சத்தம் உங்களுக்குக் கேட்டுச்சா?"

"லாரியே வரலையே."

"கேக்கலையா, வரலையா?"

அவள் என்னைப் பார்த்தாள். வெளியே பனி உருகிக் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"காத்து அடிச்சுக்கிட்டு இருந்துச்சு," என்றாள். "ஈரத் துணி படபடன்னு… ஒண்ணும் காதுல விழல."

"சரிம்மா," என்றேன்.

அவள் கை என் சட்டையிலிருந்து தானாக விலகியது. அவளுக்கு ஒரு துளி மருந்துகூடத் தேவைப்படவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம், சுவிட்சர்லாந்திலிருந்து அத்தனை குப்பிகளை வரவழைத்தது வீண் செலவு என்று தோன்றும்.

போலீஸ் விசாரித்தது. நெஸ்டரே போய்ச் சொன்னான். களஞ்சியத்துக்காரன் அன்று தன் கையால் அவன் கோதுமையை இறக்கியதாகச் சொன்னான். போலீஸ்காரர்கள் நெஸ்டரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊரே சேர்ந்து தன்னைக் காப்பாற்றுவதாக அவன் நினைத்தான். ஆனால் குடிக்கவில்லை. அதற்குப் பின் ஒரு சொட்டுக்கூட வாயில் வைக்கவில்லை. பழைய குடிகாரர்கள் கூடும் கூட்டங்களில் எழுந்து நின்று பையன் கூப்பிட்டதைச் சொன்னான். எல்லோரும் அழுதார்கள். ஒரு முறை பென்ஃபோல்ட் என்னையும் அழைத்துப் போனார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். வேலி போட்டதுபோல் நேராக, ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு சொல் பிசகாமல் சொன்னான்.

அடுத்த ஏப்ரலில், குட்டையின் பனிக்கட்டி இளகும் நேரத்தில், அவன் அதன்மேல் நடந்து போனான். உடலைச் சோதித்தவர்கள் மது இல்லை என்று எழுதினார்கள். எங்கள் ஆய்வில் குடியை விட்டவர்களின் எண்ணிக்கையில்தான் அவன் இருக்கிறான். நீங்கள் படித்த கட்டுரையிலும் இருப்பான். அந்த எண்ணிக்கையைப் பார்த்துத்தானே இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள்?

ஏன் இப்போது சொல்கிறேன் என்று கேட்டீர்கள். நீங்கள் மறுபடி தொடங்கப் போகிறீர்கள் என்பதால். உங்கள் புதிய அறைகளிலும் ஒரு நாற்காலி இருக்கும். மருந்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அதில் எதுவும் இல்லை என்பதை நான் அன்றே நிரூபித்துவிட்டேன். ஒருவர்கூட அதைக் கவனிக்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

மற்றவர்களைப் பற்றியும் கேட்டீர்கள். சில வருடங்களில் அந்த மருந்து கல்லூரிப் பையன்கள் கைக்குப் போய், செய்தித்தாள்களில் நாறி, சட்டம் வந்து நின்றுபோனது. பென்ஃபோல்ட் மேற்குக் கடற்கரைக்குப் போனார். கடைசிவரை அதை நம்பிக்கொண்டே இறந்தார். எனக்கு எழுதும்போதெல்லாம் அந்த வயலைப் பற்றிக் கேட்பார். மேவிஸ் ஒரு ரயில்வே ஆளைக் கல்யாணம் செய்துகொண்டு போனாள். கால் வீக்கம் அவளை விடவில்லை என்று கேள்விப்பட்டேன். பராஸ்கா நிலத்தை விற்றுவிட்டுத் தங்கை வீட்டில் இருந்தாள். அன்று லாரிச் சத்தம் கேட்டது, கேட்டும் திரும்பிப் பார்க்கவில்லை என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாளாம். மருத்துவமனையை இடித்துவிட்டார்கள், இப்போது அங்கே புல் இருக்கிறது. புதிதாக வரும் உட்காருபவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பில் என்னை வைத்தார்கள். அது நின்றதும் வார்டுக்குத் திரும்பினேன், வயது வந்ததும் ஓய்வு பெற்றேன்.

இப்போதெல்லாம் கண்ணை மூடினால் அந்த வயல் வருகிறது. காற்று இல்லை, கதிர்கள் சாய்கின்றன, ஓசை நன்றாகக் கேட்கிறது. டம்ளரை ஜாடியில் கவிழ்த்தேன் என்று சொன்னேன் அல்லவா. முழுவதையும் கவிழ்த்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். நெஸ்டர் நல்லவன்தான், ஆனால் ஒரு விஷயத்தில் அவன் தவறிவிட்டான். நான் அங்கே போயிருக்கிறேன்.